போட்டியில் ஜெயித்த கம்பெனியை எப்படி மூடுவது?

மேல்புறம் மழை
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே ரொம்ப நாளாகச் சும்மா வாசித்துவிட்டுப் போகிறவன். எழுத வேண்டிய நிலை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

பொறியியல் கடைசி வருடத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தேன்பெட்டிக்கு ஒரு கருவி செய்தோம். பெட்டிக்கு அடியில் எடை பார்க்கும் சென்சார், உள்ளே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கும் சென்சார். எல்லாம் செல்போனுக்கு வந்துவிடும். எந்தப் பெட்டியில் தேன் நிறைந்திருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மார்த்தாண்டம் தேன், உள்ளூர்ப் பையன்கள் என்றதும் நடுவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டாம் பரிசு, 25 ஆயிரம் ரூபாய். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் செக் கொடுத்தார்கள். அந்த அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதை இரண்டாக மடக்கி அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் போட்டிருக்கிறார்.

பரிசோடு ஒரு நிபந்தனையும் வந்தது. கல்லூரி இன்குபேஷன் மையத்தில் (புதுத் தொழில்களை வளர்த்துவிடுகிற இடம்) இடம் வேண்டுமானால் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிய வேண்டும். பதிந்தோம். பரிசுப் பணத்தில் பாதி அதிலேயே போயிற்று. மார்ச்சில் பரிசு, மே மாதம் படிப்பு முடிந்தது, ஜூலைக்குள் இரண்டு பேர் பெங்களூரு, ஒருவன் துபாய். நான் மட்டும் நாகர்கோவிலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் கம்பெனி ஒரு கருவிகூட விற்கவில்லை. முதல் வருடக் கணக்கைப் பதிவு செய்துகொடுத்தவரே தாக்கல் செய்தார். அப்புறம் இரண்டு வருடமாக யாரும் எதுவும் செய்யவில்லை. போன வாரம் அவர் போன் செய்து, "உங்கள் கம்பெனி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தெரியுமா?" என்றார்.

இதை எப்படி மூடுவது? அப்புறம் இன்னொன்று. இப்படி மாட்டிக்கொண்டது நாங்கள் மட்டும்தானா?


தக்கலை கணக்குப்பிள்ளை
திங்கள், இரவு 10.25

தம்பி, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வியாபாரம் செய்தீர்களா இல்லையா என்று கம்பெனிப் பதிவாளர் பார்ப்பதில்லை. ஒரு ரூபாய் வரவு இல்லாவிட்டாலும் ஆடிட் உண்டு, வருடத்துக்கு இரண்டு படிவமும் உண்டு. ஒன்று நிதிநிலை அறிக்கைக்கு, இன்னொன்று ஆண்டு விவரத்துக்கு. பொதுக்குழு செப்டம்பர் 30க்குள். அதிலிருந்து 30 நாளில் முதல் படிவம், 60 நாளில் இரண்டாவது. தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். இதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு வருடம் விட்டுப்போனது என்றால் இந்த ஜூலையில் உன் கணக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம். பரிசு 25 ஆயிரம் என்றாய்.

இதைவிடப் பெரிய விஷயம்: மூன்று நிதியாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் நான்கு பேரும் ஐந்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. மூன்றாவது வருடத்துக்கான கெடு இந்த அக்டோபர், நவம்பரில் வருகிறது. ஆகவே துபாய்க்காரனுக்கு இன்றே போன் போடு. அவன் கையெழுத்தும் வேண்டும்.

மூடுவதற்கு என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கட்டணம் 10 ஆயிரம். வங்கிக் கணக்கை முடித்திருக்க வேண்டும், கடன் எதுவும் இருக்கக் கூடாது, எல்லா இயக்குநரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், பாக்கிப் படிவங்களையும் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் திட்டம் அவ்வப்போது வரும், 2020இல் அப்படி ஒன்று வந்தது. உன் ஆடிட்டரிடம் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு அப்புறம் பணத்தைக் கட்டு.

பிரைவேட் லிமிடெட்தான் வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னவர் யார் என்று தெரியவில்லை. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்குப் பதிவு செய்த கூட்டு நிறுவனமே (பார்ட்னர்ஷிப்) போதும். தனி ஆள் பெயரில் நடக்கும் தொழிலுக்குத்தான் அது கிடைக்காது.


தூத்தூர் கரை
திங்கள், இரவு 10.50

எங்கள் பக்கம் வருடம் தவறாமல் ஒரு "மீனவர் பாதுகாப்பு ஆப்" வந்து இறங்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு இது ஒரு சீசன் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், படகில் ஏறி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே செல்போனில் டவர் இருக்காது என்று நாங்கள் சொன்னால் முகம் வாடிவிடும். எங்கள் ஆட்கள் மீன்பிடிக்கப் போவது லட்சத்தீவும் குஜராத்தும் தாண்டி. அதற்கு இஸ்ரோ செய்த மாதிரி செயற்கைக்கோளோடு பேசுகிற கருவிதான் வேண்டும். கல்லூரி அரங்கத்தில் டவர் நன்றாகக் கிடைக்கிறது, அதனால் பரிசும் கிடைக்கிறது.


பிபிடி வாத்தியார்
செவ்வாய், காலை 7.15

நான் ஒரு கல்லூரியில் இந்தப் போட்டிகளை நடத்துகிற ஆள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. மேல்புறம் தம்பி எழுதியதைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் தலையில் இப்படி ஒரு கம்பெனி தொங்கிக்கொண்டிருக்கிறதோ.

எங்கள் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 2018இல் கல்வி அமைச்சகத்தின் புதுமைப் பிரிவு, கல்லூரிதோறும் புத்தாக்க மன்றம் வைக்கச் சொன்னது. 2019இல் மாணவர், ஆசிரியர் ஸ்டார்ட்அப்புகளுக்கென்று தேசியக் கொள்கை வந்தது. அதைப் படித்துப் பாருங்கள், மோசமான ஆவணம் இல்லை. தொழில் தொடங்குகிற மாணவனுக்கு வருகைப் பதிவில் சலுகை தரலாம், ஒரு செமஸ்டர் இடைவெளி விடலாம், கல்லூரி தன் இடத்தையும் ஆய்வகத்தையும் தந்தால் பதிலுக்கு 2 முதல் 9.5 சதவீதம் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் இருக்கிறது. அதாவது கல்லூரியும் அந்தக் கடையில் ஒரு பங்காளியாக உட்கார வேண்டும் என்பது நினைப்பு.

நடப்பது வேறு. மன்றத்துக்கு நட்சத்திரத் தரம் உண்டு. காலாண்டுக்கு இத்தனை நிகழ்ச்சி என்று அட்டவணை உண்டு. ஜனவரி 16 தேசிய ஸ்டார்ட்அப் நாள், அதற்கு ஒரு விழா. ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், வருகைப் பட்டியல், அறிக்கை. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வந்தால் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். எத்தனை போட்டி நடத்தினீர்கள் என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். அந்தப் பையனிடம் முதல் சரக்கை வாங்கியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கம்பெனி பதிவுச் சான்றிதழ் கோப்பில் அழகாக உட்காரும். கம்பெனி பதியச் சொல்லும் பழக்கம் இப்படித்தான் வந்தது. இதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் போட்டியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பையன், மூன்று வருடம் வகுப்பில் வாய் திறக்காதவன், இருநூறு பேர் முன்னால் ஏழு நிமிடம் பேசினான். தமிழிலேயே பேசு என்று விட்டேன், அதனால் பேசினான். அவன் தொழில் ஒன்றும் தொடங்கவில்லை. ஆனால் அந்த ஏழு நிமிடத்துக்கு மதிப்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.


ஏத்தங்காய் அக்கா
செவ்வாய், பிற்பகல் 2.30

அடுப்பு அணைத்திருக்கிற நேரம் என்பதால் எழுதுகிறேன். எனக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் யூனிட் இருக்கிறது. பெண்கள் ஆறு பேர், நான் ஏழாவது. டிகிரி முடித்துப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஆரம்பித்தேன்.

நான் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. நாகர்கோவில் பக்கம் கோணம் என்கிற இடத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் ஏறி இறங்கினேன். மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் கடன் வாங்கினேன். நான் வாங்கியபோது, முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிற பட்டதாரி, டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களுக்கானதாக அது இருந்தது. திட்டச் செலவு குறைந்தது 10 லட்சம் இருக்க வேண்டும், கால் பங்கு மானியம், வட்டியிலும் 3 சதவீதம் குறையும். அப்போது பயிற்சியும் கட்டாயம். பயிற்சியில் திட்ட அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், அது நன்றாகத்தான் இருந்தது. வங்கி மேலாளரிடம் பேச உதவியது.

அங்கே யாரும் சொல்லித்தராததைச் சொல்கிறேன். கடைக்குச் சரக்கு போடுகிறோம். ஓணத்துக்கு முன்னால் ஏத்தங்காய் விலை ஏறும், எண்ணெய் விலையும் சேர்ந்து ஏறும். எனக்குக் காய் தருகிறவருக்கு அன்றன்றைக்கே கையில் பணம் வேண்டும். கடைக்காரர் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார். அந்த அடுத்த வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில்தான் தொழில் செத்துப்போகிறது. நட்டத்தில் மூடியவர்களை விட, லாபக் கணக்கு கையில் இருக்கும்போதே பணம் வராமல் மூடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதவில்லையென்றால் 15 நாள்தான். பணம் தராத வருடம், சரக்கு வாங்கியவர் அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் 2023-24 முதல் வந்துவிட்டது. பெரிய கடைகளில் இதைச் சொன்னால் வேலை செய்கிறது. சின்னக் கடைக்காரரிடம் சட்டம் பேசினால் நாளைக்கு அவர் அலமாரியில் வேறு ஆள் பாக்கெட் தொங்கும். பாக்கியைக் கேட்கவும் வேண்டும், உறவும் கெடக் கூடாது. இதற்கு ஒரு பாடம் வையுங்கள் வாத்தியார் சார், நானே வந்து எடுக்கிறேன்.


பிபிடி வாத்தியார்
செவ்வாய், மாலை 4.05

அக்கா, நிஜமாகவே கூப்பிடுவேன். அப்புறம் மறுக்கக் கூடாது.


பழைய நடுவர்
செவ்வாய், இரவு 8.20

சென்னையில் இருக்கிறேன், சொந்த ஊர் பூதப்பாண்டி. நான்கைந்து போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அதை ஒரு குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரத்தில் பதினெட்டு அணி. ஒவ்வொரு அணியின் நான்காவது ஸ்லைடும் ஒன்றுதான்: இந்தியாவில் இத்தனை கோடிப் பேர், அதில் ஒரு சதவீதம் வாங்கினால் இத்தனை கோடி ரூபாய். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி இருப்பதே 18.7 லட்சம் பேர்தான், அதில் ஒரு சதவீதத்தைத் தேடிப் போங்கள் என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த முறை என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் எங்கள் மதிப்பெண்ணுக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்டால், அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. 2011இல் நைஜீரிய அரசு பெரிய தொழில்திட்டப் போட்டி ஒன்று நடத்தியது. ஏறக்குறைய 24 ஆயிரம் பேர் விண்ணப்பித்து, 1,200 பேர் வென்றார்கள். சராசரியாக ஆளுக்கு 50 ஆயிரம் டாலர். வென்றவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்ததால், பணம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. டேவிட் மெக்கென்சி என்ற உலக வங்கிப் பொருளாதார அறிஞர் பின்தொடர்ந்து பார்த்தார். மூன்று வருடம் கழித்தும் வென்றவர்களின் தொழில்கள் கூடுதலாக உயிரோடு இருந்தன, பத்துப் பேருக்காவது வேலை தருகிற நிறுவனங்களும் அவர்களிடம் அதிகம். ஆக, பணம் வேலை செய்தது. ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்குள் யார் மேலே வருவார், யார் கீழே போவார் என்பதை நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்ணை வைத்துச் சொல்லவே முடியவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

பணம்தான் வேலை செய்கிறது என்றால் 25 ஆயிரத்தை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்து என்ன ஆகப் போகிறது? மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்துகிற ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் ஒரு லட்சம் வாங்கினாலும் அணியில் ஆறு பேர், ஆளுக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம். அது ஒரு புது போனுக்குப் போதும். அதற்குப் பதில் மாநில அரசின் டான்சீட் போல ஒரே நிறுவனத்துக்குப் 10 லட்சம் கொடுத்து 3 சதவீதப் பங்கு வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. இல்லையென்றால் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் இருக்கிறது, முதல் கட்டத்துக்கு 2 லட்சம் வரை, அடுத்ததுக்கு 5 லட்சம் வரை. மேடை சின்னது, பணம் உருப்படியானது.


மேல்புறம் மழை
செவ்வாய், இரவு 9.10

ஐயா, அப்போது எங்களை விட முதல் பரிசு வாங்கியவர்கள் மேல் எனக்கு இருந்த பொறாமை வீண்தானா? அவர்கள் ஸ்மார்ட் குப்பைத்தொட்டி செய்தார்கள்.


பழைய நடுவர்
செவ்வாய், இரவு 9.25

ஸ்மார்ட் குப்பைத்தொட்டிக்கு நானும் ஒருமுறை முதல் பரிசு கொடுத்திருக்கிறேன். மன்னிக்கவும்.


அண்டி ஆபீஸ் மகள்
புதன், காலை 6.50

நான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பருப்பின் தோல் உரிக்கிற பீலிங் வேலை செய்கிறார், இருபது வருடமாக.

அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் ஐடியா போட்டி. நான் கொல்லாம்பழச் (முந்திரிப்பழச்) சாறு பாட்டில் என்று கொடுத்திருக்கிறேன். கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை வீணாக எறிகிறோம், அதைச் சாறாக்கினால் விவசாயிக்கும் காசு, நம்ம மாவட்டத்தில் இத்தனை அண்டி ஆபீஸ் இருப்பதால் பழத்துக்குப் பஞ்சமே இல்லை என்று எழுதினேன். துவர்ப்பு எடுக்க வழியும் படித்து வைத்திருக்கிறேன்: கேரள வேளாண் பல்கலைக்கழகம் ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றித் தெளியவைக்கும் முறையைச் சொல்லித்தருகிறது. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டேன். இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. போவதா வேண்டாமா?


ரப்பர் தோட்டத்துத் தேன்
புதன், காலை 8.30

பிள்ளே, ஒரு கேள்வி. உன் அம்மா உரிக்கிற கொட்டை எங்கிருந்து வருகிறது என்று அம்மாவிடம் கேட்டாயா?

பெரும்பாலும் கப்பலில் வருகிறது. தான்சானியா, ஐவரி கோஸ்ட், கானா, பெனின். சாக்கில் காய்ந்த கொட்டையாகத் துறைமுகத்தில் வந்து இறங்கும். பழம் அங்கேயே ஆப்பிரிக்காவில் மரத்தடியில் அழுகிப்போயிருக்கும். இங்கே நூறு ஆபீஸ் இருந்தாலும் ஒரு கூடைப் பழம்கூட அந்த வாசலில் கிடைக்காது. உள்ளூரிலும் கொல்லா மரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வீட்டுக்கு நாலு மரம், தோட்டத்துக்குப் பத்து மரம். பழம் ஒரு நாள் தாங்காது. சீசன் இரண்டு மூன்று மாதம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. முதல் சுற்றில் எத்தனை நடுவர்? ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையா?


அண்டி ஆபீஸ் மகள்
புதன், காலை 8.55

ஐந்து பேர் இருந்தார்கள் அண்ணாச்சி. பாட்டிலுக்குப் பெயர் என்ன வைப்பாய் என்று கேட்டார்கள். இன்ஸ்டாகிராமில் எப்படி விற்பாய் என்று கேட்டார்கள். கொட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். "மூட்டையில் வெளிநாட்டு எழுத்துதான் இருக்கும், உனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கிறார்.


பழைய நடுவர்
புதன், காலை 9.40

நானாக இருந்தாலும் பெயரைத்தான் கேட்டிருப்பேன்.


ரப்பர் தோட்டத்துத் தேன்
புதன், இரவு 9.15

நான் மேல்புறம் தம்பிக்கு எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக இருந்தேன். மழை, கரண்ட் இல்லை.

மக்கா, நீங்கள் செய்த மாதிரி கருவியை என்னிடமும் ஒரு கூட்டம் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். நீங்கள்தானா என்று தெரியாது, எல்லாரும் ஒரே நிறச் சட்டை. பெட்டிகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள், என்னையும் சேர்த்து. பெட்டியின் எடை போனில் வரும் என்றார்கள். பின்பக்கத்தை லேசாகத் தூக்கினாலே எடை கைக்குத் தெரியும் என்றேன். அதை எழுதிக்கொள்ளவில்லை. கருவியின் விலை பெட்டியின் விலையைவிட அதிகம். ரப்பர் தளிர்விடுகிற சமயத்தில் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாக ராத்திரியில் வண்டியில் ஏற்றி இறக்குவோம், அந்தக் கருவி நாலாம் நாள் உதிர்ந்துபோயிருக்கும்.

என் பிரச்சினை வேறு. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பில் கசிகிற இனிப்பிலிருந்து வருகிறது. தண்ணீர் அதிகம். சட்டம் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்கிறது, நம்ம ஊர்த் தேன் அதைத் தாண்டி நிற்கும். வைத்திருந்தால் புளித்துப் பொங்கும். அதனால் சீசனிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். வியாபாரிக்கு இது நன்றாகத் தெரியும். சூடு கூடாமல், நிறம் மாறாமல், ஐம்பது கிலோ, நூறு கிலோ அளவில் தண்ணீரை எடுக்க ஒரு மலிவான சாதனம் யாராவது தந்தால் நான் அன்றைக்கே பணம் தருவேன். கடன் சொல்ல மாட்டேன், ஏத்தங்காய் அக்கா பயப்பட வேண்டாம்.

வாத்தியார் சார், உங்களுக்கும் ஒன்று. இந்த மாவட்டத்துக்குத் தொழில் கல்வி புதிது இல்லை. திருவிதாங்கூர் காலத்தில், 1920களில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். தேனீ, கோழி, கைத்தொழில் எல்லாம் அங்கே கண்முன்னால் செய்து காட்டினார்கள். கற்றுக்கொண்டு போனவன் ஊருக்கே ஆள் போய்ப் பார்த்தார்கள். முட்டையையும் தேனையும் விற்கக் கூட்டுறவு வைத்தார்கள். என் தாத்தா பெட்டி திறக்கக் கற்றது அந்த வழியில் வந்த ஒருவரிடம். மார்த்தாண்டம் தேன் என்று இன்றைக்குப் பெயர் நிற்பதற்கு ஆரம்பம் அது. அங்கே மேடையும் இல்லை, அட்டைச் செக்கும் இல்லை.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. 1991, 92இல் சாக்புரூட் நோய் வந்து தேனீப் புழுக்கள் பை பையாகச் செத்தன. தென்னிந்தியா முழுக்கக் கூடுகள் காலி. எங்கள் வீட்டில் எண்பது பெட்டி, மிஞ்சியது மூன்று. அப்பா ரப்பர் பால் வெட்டப் போனார். திரும்பப் பெட்டி வைக்க ஆறு வருடம் ஆயிற்று. எவ்வளவு நல்ல பயிற்சி இருந்தாலும் இப்படி ஒரு அடி விழும். விழுந்தவன் திரும்ப எழுந்திருக்கும்வரை யார் கூட நின்றார்கள் என்று பார்க்க வேண்டும்.


பிபிடி வாத்தியார்
வியாழன், காலை 6.40

அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் எனக்கு ஆந்திராவின் காக்கிநாடா நினைவுக்கு வந்தது. 1964இல் டேவிட் மெக்லெலண்ட் என்ற ஹார்வர்டு உளவியலாளர் அங்கே பயிற்சி கொடுத்து, தொழில்முனைவைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டினார். நாங்கள் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதை முதல் உதாரணமாகச் சொல்வோம். ஆனால் அவர் பயிற்சி கொடுத்தது ஏற்கெனவே ஊரில் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, மாணவர்களுக்கு இல்லை. அந்தப் பகுதியை நாங்கள் விழுங்கிவிடுவோம்.

நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வருடம் மினி கம்பெனி நடத்தவைத்து ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். முடிவில் தொழில் தொடங்கும் ஆசை குறைந்திருந்தது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு இது ஒத்துவராது என்று இருபது வயதில், அப்பாவின் நிலத்தை அடகு வைக்கும் முன்னால் தெரிந்துகொண்டால் நல்லதுதானே?

போன வருடம் நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியர் ஒருவர் மாணவர் அணிகளுக்கு ஐந்து டாலர் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பெருக்கிக் காட்டச் சொல்வாராம். நான் அணிக்கு 200 ரூபாயும் ஒரு வாரமும் கொடுத்தேன். ஒரு அணி விடியற்காலை தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பிச்சிப்பூ வாங்கிக் கட்டி ஹாஸ்டலில் விற்று 540 ஆக்கியது. அதைப் பார்த்து அடுத்த நாள் இன்னொரு அணி போனது. அன்றைக்கு முகூர்த்தம், விலை எங்கேயோ ஏறி நின்றது, வாங்கிய கொஞ்சப் பூவை அந்த விலைக்கு ஹாஸ்டலில் யாரும் எடுக்கவில்லை. மொத்தமும் போயிற்று. தோற்ற அணிதான் அப்புறம் பஞ்சாங்கமும் கையுமாக அலைந்தது, நாள் பார்த்துப் பூ வாங்க.

அந்த ஒரு வாரத்தில் நான் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். அதனால் அறிக்கையில் அது நடக்கவே இல்லை.


தூத்தூர் கரை
வியாழன், காலை 7.30

சார், அந்தப் பஞ்சாங்க அணியை எங்கள் கரைக்கு அனுப்புங்கள். மீன் ஏலம் விடிவதற்கு முன்னால். ஆப் வேண்டாம், ஒரு வாரம் நின்று பார்க்கட்டும்.


அண்டி ஆபீஸ் மகள்
வெள்ளி, இரவு 8.10

இரண்டு நாளாக அம்மாவோடு ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் முதலில் விடவில்லை, கல்லூரி அடையாள அட்டையைக் காட்டியதும் வாசல்வரை விட்டார். அப்புறம் அம்மாவின் தோழிகள் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

கொட்டையின் தோட்டை உடைக்கிற அக்காமார்களின் கையைப் பார்த்தேன். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாம் வெந்து கறுத்திருக்கிறது. கையுறை போடலாமே என்று கேட்டேன். போட்டால் வேகம் குறையும், கூலி கிலோவுக்குத்தான், என்றார்கள். விளக்கெண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். இருபது வருடமாக என் அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து தந்திருக்கிறார். பீலிங்குக்கு மாறும் முன்னால் அவரும் உடைப்பில்தான் இருந்தார் என்று இன்றைக்குத்தான் சொன்னார்.

கொல்லாம்பழச் சாறை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விரல் நுனிக்கு மட்டும் ஒரு உறை, வேகம் குறையாத மாதிரி, என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். எப்படிச் செய்வது என்று ஒன்றும் தெரியாது. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.


ஏத்தங்காய் அக்கா
வெள்ளி, இரவு 8.45

போட்டிக்குப் போ. ஆனால் போகும் முன்னால் எதையாவது ஒன்றைச் செய்து, பலூனை வெட்டியாவது, அந்த அக்காமார்கள் பத்துப் பேர் விரலில் போட்டுப் பார். எத்தனை பேர் மதியத்துக்குள் கழற்றி எறிந்தார்கள், ஏன் எறிந்தார்கள் என்று எழுதிக்கொள். மேடையில் அதைப் படி.


தக்கலை கணக்குப்பிள்ளை
வெள்ளி, இரவு 9.00

யார் என்ன சொன்னாலும் கம்பெனி மட்டும் பதியாதே பிள்ளே. பரிசு வாங்கினாலும் பதியாதே. யாராவது பணம் கொடுத்து வாங்கட்டும், அதற்குப் பிறகு என்னிடம் வா. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீயே செய்யலாம். அதற்குக் காசு கேட்கிறவனிடம் போகாதே.

மேல்புறம், துபாய்க்காரன் என்ன சொன்னான்?


மேல்புறம் மழை
வெள்ளி, இரவு 10.15

முதலில் "எந்தக் கம்பெனி?" என்றான். அப்புறம் கணக்கைச் சொன்னதும் அமைதியாகிவிட்டான். நான்கு பேரும் பங்கிட்டுக் கட்டுவது என்று முடிவு. தள்ளுபடி கிடைக்குமா என்று ஆடிட்டர் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். உறுதிமொழிப் பத்திரத்தைத் துபாயிலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் வழியாக அனுப்ப வேண்டுமாம், அதற்குத் தனிச் செலவு.

ரப்பர் தோட்டத்து அண்ணாச்சி, உங்களிடம் வந்த கூட்டம் நாங்கள்தான். நீலச் சட்டை. பெட்டியைத் தூக்கிக் காட்டினீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எங்கள் ஸ்லைடில் "வாடிக்கையாளர் ஆய்வு" என்று வந்தது. தண்ணீர் எடுக்கிற சாதனம் பற்றி நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களா என்று நினைத்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

இந்த ஞாயிறு வந்தால் இருப்பீர்களா? கம்பெனி, போட்டி எதுவும் இல்லை. ஈரப்பதம் பார்க்கிற சென்சார் இரண்டு வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை எடுத்து வரலாமா?


ரப்பர் தோட்டத்துத் தேன்
சனி, காலை 5.50

வா. சென்சார் வேண்டாம். மழைக்காலம், பெட்டியில் தேன் இருக்காது, சீனிப்பாகு வைக்கிற நேரம். போன சீசனில் பொங்கி நாசமான தேன் இரண்டு கன்னாஸ் (கேன்) ஓரமாக வைத்திருக்கிறேன், அதைத் திறந்து காட்டுகிறேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா, நீலம் வேண்டாம். சென்ட் அடிக்காதே. ஒன்பது மணிக்குள் வந்துவிடு, அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும்.